ராயகிரிக்காரர் வாங்காத கார்

போன வாரம் என் மகனுடைய காருக்குப் பேட்டரி மாற்ற ஒரு மெக்கானிக் வந்திருந்தார். போனில் யாரிடமோ பேசிக்கொண்டே, பேட்டரி முனைகளில் பூத்துக் கிடந்த வெள்ளைப் பொடியை வெந்நீர் ஊற்றிக் கழுவினார். ஆசிட்டின் புளித்த வாடை குப்பென்று அடித்தது. எனக்கோ சந்தன வாசம் வந்தது. சிரிக்காதீர்கள். வயதாகிவிட்டால் மூக்கு தன் இஷ்டத்துக்குத்தான் வேலை செய்யும்.

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் தென்காசியில் சங்கரலிங்கம் அண்ணாச்சியின் வாடகைக் காரை ஓட்டிக்கொண்டிருந்தேன். கறுப்புக் கார். எங்களுக்கு முன்னால் எத்தனை பேர் கை மாறியதோ, அதற்கே தெரியாது. சீசனில் குற்றாலத்துக்கு ஆள் ஏற்றி ஏற்றிப் பின் சீட்டில் நல்லெண்ணெய் ஊறிக் கிடக்கும். அருவியில் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு ஏறுகிறவர்களிடம் “துண்டை விரிச்சு உக்காருங்க” என்று சொல்லிப் பார்ப்பேன். “ஏன், உம்ம காருக்குச் சளி பிடிச்சிருமோ?” என்பார்கள். எங்கள் பக்கத்துப் பேச்சு அப்படி. கேட்ட கேள்விக்குப் பதில் வராது. பதிலுக்கு ஒரு கேள்விதான் வரும்.

அந்த வருஷம் எனக்கு இலத்தூரில் பெண் பேசி முடித்திருந்தார்கள். பெண்ணின் அப்பா கத்தரிக்காய் மூட்டையைப் பாவூர்சத்திரம் சந்தைக்குக் கொண்டுபோகிற விவசாயி. ஒளிவுமறைவு தெரியாத மனுஷர். “மாப்பிளே, ஒமக்குக் காணி கரை கெடையாது. அந்தக் காரை நம்பித்தான் பொண்ணு தாரேன். கார் போச்சுன்னா எனக்குச் சொல்லிவிட்டுரும், நானும் வேற எடம் பாத்துக்கிடுதேன்” என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். தையில் கல்யாணம்.

ஆயுத பூசை வந்தது. அண்ணாச்சி வீட்டில் பூசை என்றால் அவர் சம்சாரம், எங்கள் மதினியின் ராஜ்ஜியம்தான். ஸ்பானர், ஜாக்கி, ஹேண்டில் எல்லாம் குளித்துப் பொட்டு வைத்துக்கொண்டு வாழை இலையில் வரிசையாக உட்காரும். பேட்டரியையும் கழற்றி, துடைத்து, சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைப்போம். அதன் இரண்டு முனைகளும் மதினிக்கு இரண்டு பிள்ளைகளின் தலை மாதிரி. சந்தனத்தைக் குழைத்து அப்பி, நடுவில் குங்குமம் வைப்பாள். மறுநாள் விஜயதசமிக்குப் பேட்டரியைத் தூக்கி வைத்து முதல் ஸ்பானரைப் பிடிப்பது அண்ணாச்சி. அந்த வருஷம் மதினி சந்தனத்தைத் தாராளமாகவே அரைத்துவிட்டாள் போலிருக்கிறது.

அதற்குப் பிறகுதான் வம்பு. ரோட்டில் போகும்போது கார் ராஜா மாதிரி போகும். ரயில்வே கேட்டில் நிறுத்தினால் போதும், கைகால் உதறி, இருமி, இரண்டு குலுக்குக் குலுக்கிவிட்டு அணைந்துவிடும். ஹாரனை அமுக்கினால் ஆட்டுக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம். டாஷ்போர்டில் பேட்டரிக்குக் கரண்டு ஏறுவதைக் காட்டுகிற முள் ஒன்று உண்டு. அது நடுவில் நின்றுகொண்டு, கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி அந்தப் பக்கமும் பார்க்காது, இந்தப் பக்கமும் பார்க்காது. கேட் திறந்ததும் பிரயாணிகளே இறங்கித் தள்ளுவார்கள்.

கார் ஸ்டாண்டில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். பெட்ரோலில் தண்ணீர் என்றார் ஒருவர். ஐப்பசி மழையில் ஈரம் இறங்கியிருக்கிறது, அடுப்புப் பக்கம் கொண்டுபோய் நிறுத்து என்றார் இன்னொருவர். கண்ணேறு என்று சொன்னவரும் உண்டு. அதற்கும் ஒரு பூசணிக்காய் உடைத்தோம்.

இஸ்மாயில் பாய்தான் எங்கள் மெக்கானிக். பொறுமைசாலி. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார், பிளக்குகளைத் தேய்த்தார், டைனமோவைப் பிரித்துக் கார்பன் மாற்றினார். பேட்டரியையும் பார்த்தார். முனைகளைக் கவ்வியிருக்கிற கிளாம்பை மேலோட்டமாக அசைத்துப் பார்த்தார், இறுக்கமாகத்தான் இருந்தது. மேலே குங்குமப் பொட்டு சிவப்பாக நின்றது. “கழட்டிப் பாக்கலாம்தான். ஆனா அம்மா கையால வச்ச பொட்டு. சாமி காரியத்துல நான் கை வச்சுக் கலைக்கப்படாது” என்று கையை எடுத்துக்கொண்டார். எங்களுக்கும் அது சரி என்றே பட்டது. பூசை போட்ட இடத்தில் கோளாறு இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

ஒரு நாள் கேட்டில் கார் அணைந்து, அதில் இருந்தவர்கள் ரயிலைத் தவறவிட்டார்கள். அண்ணாச்சிக்கு மனசு விட்டுப்போயிற்று. காரை விற்பதாக ராயகிரியில் ஒருவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். “வியாழக்கெழம வந்து எடுத்துக்கிடுதாராம்லே” என்று என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். இலத்தூருக்குச் சொல்லி அனுப்பவா வேண்டாமா என்று இரண்டு நாள் சோறு இறங்கவில்லை எனக்கு.

வியாழக்கிழமை காலையில் ராயகிரிக்காரர் வந்தார். பெரிய மீசை, தோளில் துண்டு. காப்பி குடித்தார். அண்ணாச்சி சாவியை நீட்டுகிற நேரத்தில் மதினி வெளியே வந்தாள், கையில் ஈரத்துணி.

“இருங்க. என் பொட்டோட வண்டிய அனுப்ப மாட்டேன். மாட்டை வித்தாக்கூட நெத்தியத் தொடச்சுட்டுத்தானே குடுக்கோம்?”

ஸ்டீயரிங்கைத் துடைத்தாள், டாஷ்போர்டைத் துடைத்தாள். பிறகு என்னிடம், “எய்யா, பேட்டரியில வச்சதையும் எடுத்துரு. உள்ள ஒட்டிக்கெடந்தாலும் சொரண்டிரு” என்றாள்.

கிளாம்பைக் கழற்றினேன். உள்ளே சந்தனம் காய்ந்து ஓடு மாதிரி இறுகிக் கிடந்தது. இரண்டு முனைகளிலும் அப்படியே. சுரண்டினேன், துடைத்தேன், மாட்டி முடுக்கினேன். ஸ்டார்ட் செய்தேன்.

ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது. பிடித்தது நிற்கவும் செய்தது. குலுக்கல் இல்லை, இருமல் இல்லை. ஆக்ஸிலேட்டரைச் சற்று மிதித்தேன். முள் எழுந்து சார்ஜ் பக்கம் சாய்ந்தது. ஓடுகிறபோது டைனமோ கொடுக்கிற கரண்டிலேயே எஞ்சின் தன் பாட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நின்றால் பேட்டரியிடம் கை நீட்டுகிறது. அங்கே சந்தனம் குறுக்கே நின்றிருக்கிறது. வேகமாக ஓடினாலும் பேட்டரிக்கு ஒழுங்காக ஒன்றும் போய்ச் சேரவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

ராயகிரிக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. “என்னவே, நோயாளின்னு சொன்னிய, குத்துக்கல்லு கணக்கா நிக்கே! சரி, சாவியத் தாரும்.”

வாக்கு வாக்குதானே. அண்ணாச்சி சாவியை எடுத்தார். மதினி விறுவிறுவென்று உள்ளே போய்க் குங்குமச் சிமிழோடு வந்தாள். ஸ்டீயரிங்கின் நடுவில் பெரிதாக ஒரு பொட்டு வைத்தாள். வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு கதவருகே நின்றாள்.

ராயகிரிக்காரர் பொட்டைப் பார்த்தார். மதினியைப் பார்த்தார். நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

“வேண்டாம் தாயி. பொட்டு வச்ச பொருளப் பறிச்சுட்டுப் போனா என் வீட்டுல வெளங்காது” என்றார். பிறகு அண்ணாச்சியிடம், “ஒம்ம வீட்டுல ஆம்பள யாருன்னு இப்பத்தான்வே தெரியுது” என்று ஒரு குத்து. எல்லோரும் சிரித்தோம். நான் சிரித்த சிரிப்பில் அழுகையும் கொஞ்சம் கலந்திருந்தது.

மத்தியானச் சாப்பாடு போட்டு, அவரை அதே காரில் ராயகிரிக்குக் கொண்டுபோய் விட்டேன். இறங்கியதும், “அணைச்சிராதீரும், கொஞ்சம் கேட்டுக்கிடுதேன்” என்று பானெட் பக்கமாகத் தலையைச் சாய்த்து நின்றார். மெதுவாக, ஒரே சீராக, தாளம் தப்பாமல் ஓடிக்கொண்டிருந்தது எஞ்சின். “நல்லா இருங்க” என்று பானெட்டைத் தட்டிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் போனார்.

தையில் கல்யாணம் நடந்தது. இலத்தூர்க்காரி இதோ, உள்ளே பருப்பு தாளித்துக்கொண்டிருக்கிறாள். அண்ணாச்சி இல்லை, மதினி இல்லை, பாயும் இல்லை. ஸ்டாண்டு இருந்த இடத்தில் செல்போன் கடைகள். கார் பிற்பாடு எந்தக் காயலான் கடைக்குப் போனதோ தெரியாது. நல்ல வண்டிகள் இப்போது எத்தனையோ வந்துவிட்டன. ஆனால் தான் வாங்காமல் விட்ட ஒரு காரின் சத்தத்தைத் தலை சாய்த்துக் கேட்டுவிட்டு, அதை வாழ்த்தி அனுப்புகிற மனுஷரை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.