மச்சாளின் காரில் எத்தனை குதிரை

எங்கள் மச்சாள், அதாவது அண்ணையின் மனைவி, சீதனமாகக் கொண்டுவந்தவற்றுள் காணியையும் நகையையும்விடப் பெரிதாக நினைத்தது ஒரு பழைய ஏ ஃபோர்ட்டி காரைத்தான். அண்ணைக்குக் கார் ஓட்ட வராது. தாலி கட்டிய மாப்பிள்ளையைப் பக்கத்தில் இருத்திப் பெண்ணே எங்கள் ஊரான உடுவிலுக்குக் காரை ஓட்டிவந்த கதையை ஊர் மறக்கவில்லை. சந்தையென்றாலும் செத்தவீடென்றாலும் மச்சாளுக்குக் கார்தான். யாராவது அதைக் கிழவி என்றால், "பேரிலேயே நாப்பது குதிரை நிக்குது, தெரியேல்லையே?" என்பார்.

தொண்ணூறில் சண்டை மூண்டு பொருள் வரத்துத் தடைபட்ட பிறகு எங்களுக்குக் கரண்டும் இல்லை, பெற்றோலும் இல்லை. அந்தக் காலத்தில் எங்கள் மானத்தைக் காத்தவை பழைய கார்கள். நாலு துளி பெற்றோல் காட்டி ஸ்டார்ட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினால் இருமி இருமியாவது போய்ச் சேரும். மச்சாளின் கார் இருமுவதும் குறைவு. அதன் எஞ்சினைத் தன் கையாலேயே துடைத்து, தேய்ந்ததை மாற்றி, பிள்ளையைப் போல வைத்திருந்தார்.

ஒரு நாள் பின்னேரம் எங்கள் பகுதிப் பிள்ளைப்பேற்று விடுதியின் டொக்டர் சைக்கிளில் வந்தார். விடுதி ஜெனரேற்றரின் எஞ்சின் இனித் திருத்த முடியாதபடி இறுகிவிட்டதாம். கரண்ட் எடுக்கிற பாகம் நல்லபடி இருக்கிறதாம், வேறொரு எஞ்சினைப் பூட்டினால் போதுமாம். "குப்பி விளக்கிலை தையல் போடுறன், அக்கா" என்றார். அதற்குமேல் அவர் கேட்கத் தேவையிருக்கவில்லை. அவர் கண் கார்க் கொட்டிலில் நின்றது.

மச்சாள் எழும்பிப் போய்ச் சேலைத் தலைப்பால் காரின் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு, "எத்தினை குதிரை வேணும்?" என்று கேட்டார்.

குறைந்தது இருபது என்றார் டொக்டர்.

"அப்ப முதல்லை அளந்து பாருங்கோ. இருபது இருந்தாக் கழட்டுங்கோ. இல்லாட்டி இந்தக் கதையை விடுங்கோ."

நான் பெண்கள் பள்ளிக்கூடமொன்றில் பௌதிகம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அளக்கிற வேலை என் தலையில் விழுந்தது.

புத்தகத்தில் போட்டிருக்கும் குதிரைவலு கல்யாணத் தரகர் சொல்லும் மாப்பிள்ளைச் சம்பளம் மாதிரி. புது எஞ்சினில், நல்ல பெற்றோலில் எடுத்த கணக்கு அது. வருசக் கணக்காக ஓடி, மண்ணெண்ணெய் குடிக்கிற எஞ்சினுக்கு உண்மையில் எவ்வளவு பலம் என்று அறிய ஒரே வழி, ஓடும்போது அதை மறித்துப் பார்ப்பதுதான். பின்சில்லு ஒன்றை ஜாக்கில் தூக்கி, ரயரைக் கழற்றி, வெறும் றிம்மில் அரிசி மில்லின் பழைய பெல்ற்றைச் சுற்றினோம். பெல்ற்றின் ஒரு நுனியில் பாரம் தொங்கியது. மறு நுனியை, குருநகர் மீன் வியாபாரியிடம் இரவல் வாங்கிய சுருள்வில் தராசில் கொளுவி நிலத்தில் கட்டினோம். சில்லு எவ்வளவு பலமாக இழுக்கிறது என்று பாரமும் தராசும், எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று காரின் மீற்றரும் சொல்லும். ஒற்றைச் சில்லு மட்டும் சுற்றுவதற்கும் றிம்மின் அளவுக்கும் திருத்தி, இரண்டையும் பெருக்கினால் விடை. றிம் சூடேறாமல் வாளியில் தண்ணீர் ஊற்றுவது அண்ணையின் பொறுப்பு.

மச்சாள் ஸ்ரியறிங்கைப் பிடித்து உட்கார்ந்தார். அக்ஸிலறேற்றரை அரைவாசி மிதித்திருந்தால் யாருக்கும் தெரியாது. சந்தேகத்தில் நான் ஒருக்கால் குனிந்து பார்த்தேன். மிதி தரையோடு ஒட்டிக் கிடந்தது.

கொட்டில் முழுக்கப் புகையும் கருகல் மணமும். கணக்குப் போட்டேன். பதினேழு வந்தது. திரும்பப் போட்டேன், பதினேழுதான்.

டொக்டர் நல்ல மனுசன். முகத்தில் ஏமாற்றத்தைக் காட்டாமல், "பரவாயில்லை அக்கா, கார் உங்களோடையே நிக்கட்டும்" என்றார். அண்ணை வாளியை வைத்துவிட்டுப் பெரிதாக மூச்சுவிட்டார்.

மச்சாள் மட்டும் காரைவிட்டு இறங்கவில்லை. மூக்கை உறிஞ்சினார்.

"உது பெல்ற் எரியிற மணமில்லை. அந்தச் சில்லிலை பிரேக் பிடிக்குது. கொஞ்ச நாளா உரசிக்கொண்டுதான் இருந்தது."

எஞ்சினின் பலத்தில் ஒரு பங்கை அந்த பிரேக் தின்றிருந்தது. அவரே இறங்கி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஸ்பானரோடு சில்லடியில் குந்தினார். பிரேக்கைத் தளர்த்தி, சில்லைக் கையால் சுழற்றி, அது தடையில்லாமல் ஓடுகிறதா என்று காது கொடுத்துக் கேட்டார்.

"இப்ப அளந்து பாரும்" என்றார் என்னிடம்.

இருபத்தொன்று. அதற்கும் ஒரு துளி மேலே.

எஞ்சினை எடுக்க அடுத்த நாளே ஆள் அனுப்புவதாகச் சொல்லி டொக்டர் சைக்கிளை எடுத்தார். அவரை அனுப்பிய பிறகு எனக்குப் பொறுக்கவில்லை. "மச்சாள், நீங்கள் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தாக் கார் நிண்டிருக்குமே?" என்று கேட்டேன்.

"நிண்டிருக்கும். பதினேழு எண்ட பேரோடை நிண்டிருக்கும்" என்றார். "பிரேக் செய்த பிழைக்கு எஞ்சின் பழி கேக்கிறதே?"

விடுதியில் இருக்கிற பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நினைக்காமல் இருந்திருக்க மாட்டார். ஆனால் தர்மம் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள அவருக்கு வெட்கம். அந்த நிமிடத்தில் அவரைக் கும்பிட வேண்டும் போல எனக்கு இருந்தது.

எஞ்சினைக் கழற்றிக்கொண்டு போனார்கள். விடுதியில் வெளிச்சம் வந்தது. டொக்டர் சொல்லியனுப்பியபோது மச்சாள் கேட்டது, எண்ணெய் மாற்றினார்களா என்று மட்டும்.

அதற்கடுத்த கிழமை மச்சாள் அண்ணையின் சைக்கிளை வீட்டுக்கு முன்னாலுள்ள ஒடுங்கிய ஒழுங்கைக்குள் இறக்கினார். பதினெட்டு வயதிலிருந்தே காரில் போனவருக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. ஐம்பது வயது மனுசி, பின்னால் சீற்றைப் பிடித்தபடி மூச்சிரைக்க ஓடிவரும் அண்ணை. வேலிக்கு மேலால் சனம் பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு தரம் விழுந்தார். எழும்பி, முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டு, "பிடியுங்கோ, இன்னொருக்கா" என்றார்.