கூட்டாளிப் பையனுக்கு டூப் போட்ட கதை

1. மீசை

“மொட்டையுமா, மீசை மட்டுமாண்ணே?”

சலூன் தம்பி அப்படிக் கேட்டபோதே நான் எழுந்து வந்திருக்க வேண்டும். “மீசை மட்டும்” என்றேன். ஓடிக்கொண்டிருந்த பாட்டை அணைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, “யாருண்ணே தவறுனது?” என்றான்.

“யாருமில்லப்பா. ஷூட்டிங்.”

அவன் நம்பவில்லை. எங்கள் ஆட்களில் கொள்ளி வைத்தவன்தான் மீசையை எடுப்பான். சும்மா எடுக்கிறவன் கிடையாது.

நான் சினிமாவில் டூப். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதற்குமேல் படிப்பும் ஏறவில்லை, உயரமும் ஏறவில்லை. அந்தக் குள்ளம்தான் சோறு போட்டது. மதுரைப் பக்கம் எடுக்கிற படங்களில் சின்னப் பிள்ளை கிணற்றில் விழுந்தாலும், மாடியிலிருந்து குதித்தாலும், அது நான்தான். முதுகைத்தான் காட்டுவார்கள். அதனால் மீசைக்கு அதுவரை ஆபத்து வந்ததில்லை.

இப்போது இந்த வேலைக்கு வருகிற தம்பிகள், “சூப்பர் ஹீரோகூட ஒரு சின்னப் பையன் வாரானே, கார்ட்டூன்ல நல்லாத்தான் இருக்கு. நெஜ ஆள வச்சு எடுத்தா எடுபடுமாண்ணே?” என்று கேட்கிறார்கள். சிரித்து மழுப்பிவிடுவேன். ஏன் மழுப்புகிறேன் என்பதைத்தான் எழுதுகிறேன்.

2. பையன்

காளவாசலில் ஒரு மூன்று மாடிக் கட்டடம். ஹீரோ மாடி விட்டு மாடி பறப்பார். கூடவே மஞ்சள் அங்கி கட்டிய ஒரு பன்னிரண்டு வயதுப் பையன் சிரித்துக்கொண்டே பறந்து வருவான். டைரக்டர் வரைந்து வைத்திருந்த படத்தில் இரண்டும் பறவை மாதிரி அழகாக இருந்தன.

நிஜப் பையனை ரோப்பில் கட்டி ஏற்றினார்கள். ரோப்பைப் பிடிக்கிற வேலை அன்று எனக்கு. கொக்கியை ஸ்டண்ட் மாஸ்டர் பார்த்த பிறகும் நான் பார்ப்பேன். பார்த்துவிட்டு வந்து, சரியாகப் பார்த்தோமா என்று திரும்பப் போய்ப் பார்ப்பேன். பையன் பயப்படவே இல்லை. பயந்ததெல்லாம் கீழே நின்ற ஜனம்தான்.

எதிரே பூ விற்கிற ஒரு அம்மா கத்தினார். “ஏண்டா, உங்க வீட்டுப் புள்ளைன்னா இப்படித் தொங்கவிடுவீகளா? எருமை கணக்கா வளந்திருக்கான், அவன் போயி சண்டை போட வேண்டியதுதான? பச்சப் புள்ளைய எதுக்குடா கூட்டிட்டுப் போறான்?”

எல்லோரும் சிரித்தார்கள். டைரக்டர் மட்டும் சிரிக்கவில்லை. மானிட்டரைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். “அந்தம்மா சொல்றது சரிதான் மாஸ்டர். காகிதத்துல பையன் விழுந்தா அடுத்த பக்கத்தப் புரட்டிருவோம். இங்க அவன் முட்டியப் பாத்தாலே, அடிபட்டுருமோன்னுதான் தோணுது. நம்ம ஹீரோ புள்ள புடிக்கிறவன் மாதிரி இருக்கான்” என்றார்.

“டூப் போட்டுருவோம் சார். நம்ம அண்ணன் இருக்காருல்ல” என்றார் மாஸ்டர். என்னிடம் வந்து, “இந்தவாட்டி முகம் தெரியும்ணே. முகமூடி கண்ணை மட்டுந்தான் மறைக்கும். மீசைய எடுத்துருங்க” என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை என் மகளுக்குப் பூ வைக்கப் பேரையூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. அதை மாஸ்டரிடம் சொல்லியிருக்கலாம். முடியாது என்றால் அடுத்த படத்துக்குக் கூப்பிடாமல் போய்விடுவார்களோ என்ற பயம். சரி என்றுவிட்டேன்.

3. தலையாட்டல்

மறுநாள் மாஸ்டர் வரச் சொன்னது மதியத்துக்கு. வீட்டில் மனைவியும் மகளும் புடவை எடுக்கப் போயிருந்தார்கள். வாசலில் பைக் சத்தம். மாப்பிள்ளையின் அப்பா. சாமான் வாங்க வந்தவர், அப்படியே எட்டிப் பார்க்க வந்திருக்கிறார். மீசையில்லாத என் முகத்தைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றாமல் நின்றுவிட்டார்.

“என்ன சம்பந்தி இது? ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?”

நான் சினிமாவில் ரோப் வேலை பார்க்கிறேன் என்றுதான் அவரிடம் சொல்லியிருந்தேன். அரை டிரவுசர் போட்டுக்கொண்டு சின்னப் பிள்ளையாக நடிக்கிறேன் என்று, பெண் கொடுக்கப் போகிற இடத்தில் எந்த வாயால் சொல்வது?

“ஒத்தக்கடைப் பெரியப்பாவா? புள்ளை இல்லாதவருன்னு சொன்னீகளே… நீங்கதான் கொள்ளியா?”

தலையாட்டினேன்.

சத்தியமாக, அது தானாக ஆடியது. அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “வருத்தப்படாதீக. நல்ல காரியத்த முப்பது கழிச்சு வச்சுக்குவம்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தெருமுனை திரும்புவதற்குள் பெரியப்பாவுக்குப் போன் போட்டேன். தலையாட்டியது பலித்துவிடுமோ என்ற பயம். “சாப்புட்டீகளா பெரியப்பா?” என்றேன்.

“இதக் கேக்கவாடா போனு? வடை போட்டுக்கிட்டு இருக்கேன், வையி.”

மனைவியிடம் சொல்லவில்லை. ராத்திரி சொல்லிக்கொள்ளலாம், பிறகு காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன்.

4. மஞ்சள் அங்கி

அன்று மதியமும் அடுத்த நாளும் தொங்கினேன். தலைக்கு விக், கண்ணுக்கு முகமூடி, இடுப்புக்கு இறுக்கமான பச்சை டிரவுசர். வேடிக்கை பார்த்த பயல்கள் விடவில்லை.

“மாப்ள, சூப்பர் ஹீரோவோட தம்பி இல்லடா இது. சித்தப்பா!”

“கெண்டைக்காலப் பாரு, மூட்டை தூக்குன காலு!”

அவர்கள் சொன்னதுதான் மானிட்டரிலும் தெரிந்தது. நடை, ஓட்டம் எதுவும் பொருந்தவில்லை. பிள்ளைகள் ஓடும்போது கீழே பார்க்க மாட்டார்கள். நான் கால் வைக்கிற இடத்தைப் பார்த்துப் பார்த்து ஓடுகிறேன். வாடகையை நினைத்துக்கொண்டு ஓடுகிறவன் மாதிரி இருந்தது. நிஜப் பையனை வைத்தால் பாவமாக இருக்கிறது, என்னை வைத்தால் சிரிப்பாக இருக்கிறது. டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். “கடைசியா ஒரு டேக்” என்றார்.

நான் இரண்டாவது மாடி உயரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்போது, கீழே ஒரு வேன் வந்து நின்றது.

பேச்சு முடிந்த இடத்தில் சாவு என்றால், சம்பந்தி வீட்டார் துட்டி கேட்க, அதாவது துக்கம் விசாரிக்க, வந்தே ஆக வேண்டும். எனக்கு அது தோன்றாமல் போனதுதான் என் புத்தி. வேன் பிடித்து ஆட்களோடு திருப்பரங்குன்றத்தில் என் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். பெண்கள் தெருவிலேயே அழுதுகொண்டு இறங்க, என் மனைவி பதறி, “யாரு செத்தா?” என்று அவர்களையே கேட்டிருக்கிறாள். பிறகு, “அவரு காளவாசல்ல ஷூட்டிங்ல இருக்காரு” என்று, அவளும் மகளும் அதே வேனில் ஏறி வந்துவிட்டார்கள்.

வேனிலிருந்து இறங்கிய எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். மகள்தான் முதலில் கண்டுபிடித்தாள். “அப்பா” என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

என் முகத்தை எங்கே கொண்டுபோய் ஒளித்துக்கொள்வது? அங்கியை இழுத்து டிரவுசரை மறைக்கப் பார்த்தேன். அதில் ரோப் ஒரு சுற்று சுற்றி, நான் பக்கவாட்டில் சரிந்தேன். ஆபத்து ஒன்றுமில்லை, கொக்கி மாட்டித்தான் இருந்தது. ஆனால் சம்பந்திக்கு அது தெரியாதே! கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக எனக்குக் கீழே வந்து, இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றார்.

“ஏப்பா, பாத்து இறக்குங்கப்பா! விழுந்துரப் போறாரு!”

பொய் சொல்லி அவரைப் பேரையூரிலிருந்து இழுத்தடித்தவன் நான். அந்தக் கோபம் கண்ணில் இருந்தது. கை மட்டும் நீட்டியபடியே இருந்தது. இரண்டாவது மாடியிலிருந்து விழுகிற ஆளைக் கையில் தாங்க முடியுமா என்றெல்லாம் அவர் யோசிக்கவில்லை.

இறக்கிவிட்டார்கள். விக்கைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

“வேலைய மறைச்சீக, சரி. அது அவுகவுக கூச்சம்” என்றார். “இல்லாத சாவுக்குத் தலையாட்டுனீகளே சம்பந்தி. இவ வழி நெடுக அழுதுக்கிட்டு வந்தா.”

பக்கத்தில் மாப்பிள்ளையின் அம்மா. கண் வீங்கியிருந்தது. பார்த்தே இராத என் பெரியப்பாவுக்காக அழுத கண். என்னைத் திட்டியிருந்தால் தேவலை. “அவரு நல்லாருக்காருல்ல? அது போதும்” என்றார்.

இன்றைக்கும் அந்த அம்மா பரிமாறினால் நான் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

5. எடுபட்டது

நாங்கள் நின்றதையெல்லாம் டைரக்டர் மானிட்டர் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் என்னிடம் வந்து, “அந்தப் பெரியவரு நின்னாருல்லண்ணே, அப்படி என் ஹீரோ நிக்கவே இல்லையே” என்றார். மறுநாள் காட்சியை மாற்றிவிட்டார். நிஜப் பையன் ஒரு குட்டிச் சுவரிலிருந்து குதிக்கிறான், அவ்வளவுதான். பறக்கத் தெரிந்த ஹீரோ பறக்காமல், கீழே நின்று பதறிக் கை நீட்டுகிறார். அந்த டேக்குக்குத்தான் பூக்கார அம்மா வாயை மூடிக்கொண்டு பார்த்தார். நான் தொங்கியது எல்லாவற்றையும் வெட்டிவிட்டார்கள்.

ஆகவே தம்பிகளே, எடுபடும். அவனை எவ்வளவு உயரத்தில் பறக்க விடுகிறோம் என்பதில் ஒன்றுமில்லை. அவனுக்காகப் பயப்பட அந்தப் படத்துக்குள் ஒரு ஆள் வேண்டும். கொக்கியை மட்டும் நீங்களும் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

மீசை வளரும்வரை பொறுத்து, பூ வைத்தார்கள். கல்யாணமும் முடிந்தது. படம் வந்த அன்று சம்பந்தி குடும்பத்தோடு திருமங்கலம் போய்ப் பார்த்துவிட்டு, போன் போட்டார்.

“படம் முழுக்கத் தேடுனோம் சம்பந்தி. எங்கயும் உங்களக் காணமே? நீங்க வார எடத்துல நான் கண்ணசந்துட்டேன்னு இவ சண்டைக்கு வாரா.”

“என்னைய வெட்டிட்டாக. ஹீரோ கைய நீட்டிக்கிட்டு நிப்பாரே, பாத்தீகளா?”

“பாத்தேன். அதான நல்ல எடம்.”

“அது நீங்க சம்பந்தி. உங்களப் பாத்துத்தான் வச்சாக.”



“இருக்காதே” என்றார். “நான் மீசைய எடுக்கலையே.”

வீட்டில் எல்லோரும் சிரிப்பது கேட்டது. மாப்பிள்ளையின் அம்மாவின் சிரிப்பும் அதில் இருந்தது. நான் மீசையைத் தடவிக்கொண்டே, “சாப்புட்டீகளா?” என்று கேட்டேன்.