பத்து நிமிட வேலி

அந்தத் தெருவில் பல்செட்டக்காவைத் தெரியாதவர்கள் இல்லை. மூன்று பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பற்கள் செய்துகொடுப்பவள். வீட்டின் முன்னறைதான் பட்டறை. அலமாரி முழுக்கப் பிளாஸ்டர் அச்சுகள் உதடில்லாமல் இளித்துக்கொண்டிருக்கும். "இந்தத் தெருவுல பாதிப் பேர் நான் செஞ்ச பல்லாலதான் என்னையே திட்டுறாங்க" என்று சொல்லி அவளே சிரிப்பாள்.

அவள் கணவர் மின்வாரியத்தில் முப்பத்தோரு வருடம் லைன்மேனாக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் தெருவுக்கு அவர் லைன்மேன்தான். நான்காவது வருடத்தில் மறதி வந்தது. முதலில் மூக்குக்கண்ணாடி, பிறகு தேதி, பிறகு மகளின் பெயர். எல்லாம் போன பிறகும் வேலை மட்டும் போகவில்லை. வீட்டில் மின்சாரம் நின்றால் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். "லைன் போச்சு, பார்த்துட்டு வந்துடறேன்" என்று கிளம்பிவிடுவார்.

எங்கே போவார் என்பதுதான் அக்காவின் கவலை. வீட்டுக்குப் பின்னால் நாற்பதடி நீளத்துக்கு ஒடுக்கமான தோட்டம். இரண்டு பக்கமும் அண்டை வீட்டுச் சுவர்கள். கடைசிப் பக்கம் மட்டும் திறந்து கிடந்தது. அதைத் தாண்டினால் காலி நிலம். அந்த நிலத்தின் நடுவில் உயர் அழுத்த மின்கோபுரம்.

முதல் தடவை அவள் பார்த்தபோது அவர் கோபுரத்தில் ஏழடி உயரத்தில் இருந்தார். யாரும் ஏறிவிடாமல் சுற்றியிருந்த முள்கம்பி அவர் தலைக்கு மேல் ஓரடியில் இருந்தது. அதை எப்படித் தாண்டுவது என்று அவர் கைகளுக்குத் தெரியும். கத்தினால் திடுக்கிட்டு விழுந்துவிடுவார். அக்கா அடியில் போய் நின்றாள். மூச்சை அடக்கிக்கொண்டு, ஏதோ சாதாரணச் செய்தி சொல்வதுபோலச் சொன்னாள்.

"என்னங்க, லைன் கிளியர் இன்னும் கொடுக்கலையாம். ஆபீஸ்லேர்ந்து சொன்னாங்க."

கம்பியில் மின்சாரத்தை நிறுத்தியாயிற்று, இனி ஏறலாம் என்று அலுவலகம் தரும் அனுமதிதான் லைன் கிளியர். அது கைக்கு வராமல் அவர் ஒரு கம்பத்தையும் தொட்டதில்லை.

"கொடுக்கலையா? அப்புறம் எந்த மடையன் என்னை ஏறச் சொன்னான்?" என்று முணுமுணுத்துக்கொண்டே இறங்கி வந்தார்.

மறுநாளே ஆளை வைத்துத் தோட்டத்தின் கடைசியில் கம்பிவேலி போட்டாள். லைன்மேன் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இவ்வளவு தொய்வா எவன் இழுத்தான்?" என்றார். சாயங்காலத்துக்குள் குறடு ஒன்றை எடுத்து மொத்த வேலியையும் கழற்றி, அழகாகச் சுருட்டி, மூலையில் வைத்துவிட்டார். கோபுரத்துக்கென்று ஒதுக்கிய நிலத்தை ஒட்டிச் சுவர் எழுப்ப அனுமதி கிடைக்கவில்லை. பின்கதவைப் பூட்டிப் பார்த்தாள். கை முட்டி கிழியும்வரை கதவைக் குத்தினார். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர். அந்தச் சின்னக் காயம் நிற்க ஒரு மணி நேரம் ஆயிற்று.

"அம்மா, பேசாம அப்பாவை ஒரு ஹோம்ல சேர்த்துடலாம்மா" என்றாள் வெளியூரில் இருக்கும் மகள், தொலைபேசியில்.

"அங்க மட்டும் கரண்டே போகாதா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள் அக்கா.

அவள் வேலையில் ஒரு சிக்கல் இருந்தது. பல்செட்டைப் பித்தளை அச்சுப்பெட்டிக்குள் இறுக்கி, நீரில் வைத்து, சின்னத் தீயில் ஒன்றரை மணி நேரம் வேகவைக்க வேண்டும். தீ கூடிவிட்டால் ஈறெல்லாம் குமிழ் விட்டுப் பாழாகிவிடும். அடுப்பில் பெட்டி இருக்கும்போது மின்சாரம் போனால் அவளுக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. எதைப் பார்ப்பது?

வழி கிடைத்தது ஒரு மருத்துவமனை வாசலில். செய்த பல்லைக் கொடுக்கப் போனவள் கணவரையும் கூட்டிப் போயிருந்தாள். வாசலில் இருந்த ரோஜாப் புதர் அவர் சட்டைக்கையைப் பிடித்துக்கொண்டது. அவர் வெடுக்கென்று இழுக்கவில்லை. கம்பியில் சிக்கிய கயிற்றை எடுப்பவர்போல, ஒவ்வொரு முள்ளாக, ஓர் இலைகூட உதிராமல் விடுவித்தார். ஒரு முள் விட்டால் இன்னொன்று பிடித்தது. உள்ளே இருந்த வரவேற்புப் பெண் சிரித்தாள். அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து நிமிடம்.

அவருக்கு வேலி தெரியும், கம்பி தெரியும், கோபுரம் தெரியும். செடி அவருடைய தொழில் இல்லை. பத்து நிமிடம் போதும். அடுப்பை அணைத்துவிட்டு ஓடிப்போய் ஆளைப் பிடித்துவிடலாம்.

அந்த வாரமே நர்சரிக்குப் போனாள்.

"பூ என்ன கலர் வேணும்க்கா?" என்று கேட்டார் நர்சரிக்காரர்.

"கலரு எதுவா இருந்தா என்ன? முள்ளைக் காட்டுங்க தம்பி."

நர்சரிக்காரர் கையிலிருந்த பூவாளியைக் கீழே வைத்தார். அக்கா விஷயத்தை மறைக்காமல் சொன்னாள். ஆள் நிற்க வேண்டும், ஆனால் காயம் படக் கூடாது. கேட்டுவிட்டு அவர் உடனே எதையும் எடுத்துத் தரவில்லை. கடைகளில் விற்கிற பெரிய பூ வகை நெட்டுக்குத்தாக வளரும், அடியில் வெறுங்காலாக நிற்கும், மனுஷன் சுலபமாக நுழைந்துவிடுவார் என்றார்.

"கொடி ரோஜா?"

"அதுக்குப் பந்தல் கட்டணும். நீங்களே அவருக்கு ஏறுறதுக்கு ஒண்ணு கட்டிக் கொடுத்த மாதிரி ஆயிடும்க்கா."

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

புதர் ரோஜாதான் சரி என்றார். அடியிலிருந்தே பத்துப் பதினைந்து தண்டுகள் கிளம்பி, வளைந்து, அடுத்த செடியோடு கைகோத்துக்கொள்ளும். உயரத்துக்குச் சமமாக அகலமும் வரும். அதிலும் பல வகை. ஒன்றில் முட்கள் தூரிகைபோல அடர்ந்திருந்தன. அக்கா கட்டைவிரலால் தடவிப் பார்த்து உடனே ஒதுக்கினாள். அவர் தோல் தாங்காது. இன்னொன்றில் முள்ளே இல்லை. அதைத் தள்ளிக்கொண்டு போய்விடுவார். அரை நாள் அலைந்து ஒன்றைப் பிடித்தாள். வெளிர் சிவப்புப் பூ, நல்ல வாசனை, வருடம் முழுக்க விட்டுவிட்டுப் பூக்கும். முட்கள் கொஞ்சம்தான், ஆனால் ஒவ்வொன்றும் கீழ்நோக்கி வளைந்த சின்னக் கொக்கி. தன் சட்டைக்கையை அதன்மேல் போட்டு இழுத்தாள். துணியைப் பிடித்தது, தோலை மேலாகத்தான் கீறியது.

"ஒட்டுச்செடி வேணாம்க்கா. அடிச்செடி துளிர்த்தா வேற முள்ளு வந்துடும். இது குச்சியை நட்டு வேர் விட்டது. அடியில எது முளைச்சாலும் இதே ஜாதிதான்."

"எத்தனை நாள்ல வளரும்?"

"ஆளை நிறுத்துற அளவுக்குன்னா... ரெண்டு வருஷம்."

ரெண்டு வருஷம். அக்கா பதினொரு செடி வாங்கிக்கொண்டு வந்தாள்.

கடைவாய்ப் பல்லை அடுக்குவதுபோலக் கணக்காக இரண்டு வரிசை நட்டாள். முன்வரிசையின் இடைவெளிக்கு நேராகப் பின்வரிசைச் செடி. முழ ஆழக் குழி, மக்கிய தொழுவுரம், மேலே காய்ந்த இலை மூடாக்கு. லைன்மேன் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "குழி ஆழம் பத்தாது. கம்பம் சாயும்" என்றார். மறுநாள் ஒவ்வொரு செடியிலும் சிவப்புத் துணி ஒன்று கட்டியிருந்தது. வேலை நடக்கும் இடம் என்று அடையாளமாம்.

அந்த இரண்டு வருடமும் அக்கா நிம்மதியாக ஒரு வாய் சாப்பிட்டதில்லை. மின்விசிறி நின்றால் அவள் நெஞ்சும் ஒரு முறை நின்று ஓடும். முழங்கால் உயரச் செடிகளை அவர் அலட்சியமாகத் தாண்டிப் போனார். மூன்று முறை கோபுரத்தடியிலிருந்து லைன் கிளியர் சொல்லி அழைத்துவந்தாள். முதல் மழைக்காலத்தில் இலைகளில் கரும்புள்ளி விழுந்து செடிகள் மொட்டையாயின. உதிர்ந்த இலைகளை ஒன்றுவிடாமல் பொறுக்கி எரித்தாள். இரண்டு செடி போயே போய்விட்டது. வேறு வாங்கி நட்டாள். கவாத்து செய்யச் சொன்ன நாளில் கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். வளராதா என்று ஏங்குகிற செடியை யார் வெட்டுவார்கள்? வெட்டினால்தான் அடியிலிருந்து தண்டு கிளம்பும் என்று நர்சரிக்காரர் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொன்னார். வெட்டினாள். கிளம்பியது.

மூன்றாம் வருடம் புதர் அவள் தோள்வரை வந்து, இரண்டு வரிசையும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டது. பார்க்கிறவர்கள், "அக்காவுக்குப் பூன்னா உயிரு" என்றார்கள்.

அந்த வருட மழைக்காலத்தில் ஒரு மதியம். காற்று சுழன்றடித்தது. அக்கா அப்போதுதான் அச்சுப்பெட்டியை அடுப்பில் ஏற்றியிருந்தாள். தீயை இன்னும் குறைக்கவில்லை. விளக்கு அணைந்தது.

"என்னங்க!"

பின்கதவு காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. அடுப்பை அணைக்கக்கூடத் தோன்றாமல் ஓடினாள்.

அவர் புதருக்குள் நின்றிருந்தார். இரண்டு கைகளும் முதுகும் பிடிபட்டிருந்தன. அந்தப் பக்கம் மழைச்சாரலில் கோபுரம் நனைந்து பளபளத்தது. மேலே கம்பிகள் ஊளையிட்டன. பின்வரிசையையும் அவர் ஏறக்குறையத் தாண்டிவிட்டார். இன்னும் ஓரடிதான்.

"என்னங்க, லைன் கிளியர் கொடுக்கலை" என்றாள் மூச்சிரைக்க.

அவர் திரும்பிப் பார்த்தார். "அப்படின்னா?"

அந்த வார்த்தையும் போய்விட்டது. அவரைப் பிடித்து இழுக்க அவளுக்குத் தெம்பு கிடையாது. கத்தினால் அவர் முரண்டு பிடிப்பார். முரண்டு பிடித்தால் தோல் கிழியும்.

"நீ யாரும்மா? புது ஹெல்ப்பரா?"

ஒரு நொடிதான் தடுமாறினாள். "ஆமா சார். இன்னைக்குத்தான் சேர்ந்தேன்."

"அப்ப வந்து இதை எடுத்து விடு. இழுக்காத. சட்டை கிழிஞ்சா வீட்டுல திட்டுவா."

"வீட்டுல யாரு சார்?"

"அவதான்..." அவர் யோசித்தார். "பல்லு செய்யறவ."

அக்கா புதருக்குள் நுழைந்தாள். அவர் முதுகுப்பக்கம் போய், ஒரு முள்ளை விடுவித்தாள். விடுவித்த கையோடு அடுத்த கிளையை வளைத்து, சட்டையின் வேறொரு இடத்தில் மாட்டினாள். அவர் வலது கையில் ஒன்றை எடுக்க, அவள் இடது தோளில் ஒன்றைக் கோத்தாள். பல்லுக்குப் பல் இடைவெளி பார்த்து வைத்துப் பழகிய விரல்கள். அவருக்குத் தெரியவே இல்லை.

"என்னம்மா, எடுக்க எடுக்க வந்துக்கிட்டே இருக்கு?"

"பெரிய சிக்கலா இருக்கு சார். பொறுமையா எடுப்போம்."

"ஆமா, பொறுமைதான் முக்கியம். நம்ம வேலையில அவசரப்பட்டவன் ஒருத்தனும் வீடு போய்ச் சேர்ந்ததில்லை."

அவர் மணிக்கட்டில் ஒரு கீறலிலிருந்து ரத்தம் துளித்துளியாக வந்தது. அக்கா கைக்குட்டையால் அதை அழுத்திப் பிடித்தபடி மற்றக் கையால் கோத்தாள். அவள் கைகளும் வரிவரியாகக் கீறிப்போயிருந்தன. எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியவில்லை. வீட்டிலிருந்து நாற்றம் வந்தது. பிளாஸ்டிக் தீய்கிற நாற்றம். பாத்திரத்தில் நீர் வற்றிவிட்டது. அடுப்பு எரிகிறது. போனால் இவர் போய்விடுவார். நின்றால் வீடு என்னவாகும்? சமையலறை ஜன்னலில் புகை எட்டிப் பார்த்தது. அவள் கண்ணை மூடி, இன்னொரு முள்ளைத் தேடிப் பிடித்து மாட்டினாள்.

"ஏம்மா, அங்க புகை வருது பாரு" என்றார் லைன்மேன், சாவதானமாக.

"வரட்டும் சார். நீங்க கையை ஆட்டாதீங்க."

அப்போது சமையலறை விளக்கு பளிச்சென்று எரிந்தது.

"வந்துடுச்சு" என்றார் அவர். அவ்வளவுதான். உடம்பு தளர்ந்தது. அக்கா நாலைந்து கிளைகளை விலக்கியதும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார். அவரைப் பின்கட்டுப் படியில் உட்காரவைத்துவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே பாய்ந்து அடுப்பை அணைத்தாள். பாத்திரம் கரியாகியிருந்தது. சுவரில் ஆளுயரத்துக்குப் புகைக்கறை. வேறு சேதம் இல்லை. பெட்டிக்குள் இருந்த பல்செட் மட்டும் தேனடைபோல ஓட்டை ஓட்டையாகப் போயிருந்தது. அது ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவருடையது. "இன்னும் மூணு நாளைக்கு வாயை மூடிக்கிட்டு இருங்க சார்" என்று அவரிடம் தொலைபேசியில் சொல்லும்போதுதான் அவள் குரல் உடைந்தது. ஆசிரியருக்கு ஒன்றும் புரியவில்லை.

மகள் அடுத்த வாரம் வந்தாள். அம்மாவின் கைகளைப் பார்த்துவிட்டு ஹோம் பேச்சையே எடுக்கவில்லை. மின்சாரம் நின்றால் தானாக ஓடத் தொடங்கும் இன்வெர்ட்டர் ஒன்றை வாங்கி மாட்டினாள். "இது எனக்கு மூணு வருஷம் முன்னாடியே தோணியிருக்கணும்" என்று அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். ஆனால் அதுவும் மழைநாளில் இரண்டு மணி நேரம்தான் தாங்கியது. புதர் புதராகவே இருந்தது. அதற்குப் பிறகும் இரண்டு தடவை அவரைப் பிடித்து வைத்தது. அந்த இரண்டு தடவையும் அக்கா புது ஹெல்ப்பராகவே வேலை பார்த்தாள்.

அடுத்த வருடம் அவர் கால்கள் தளர்ந்தன. ஒரு நாள் இன்வெர்ட்டரும் ஓய்ந்து வீடு இருண்டபோது, அவர் நாற்காலியிலேயே இருந்தார். அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் எழுந்திருக்கவில்லை. "லைன் போச்சுங்க" என்று மெல்லச் சொல்லியும் பார்த்தாள். அவர் தலையாட்டினார். அவ்வளவுதான். அவள் அடுப்படிக்குப் போய், அணைத்திருந்த தீயை மறுபடி பற்றவைத்தாள். தீக்குச்சி இரண்டு வீணாயிற்று.

புதர் அதற்குள் தறிகெட்டு வளர்ந்திருந்தது. மூத்த தண்டுகளில் மூன்றில் ஒரு பங்கை அடியோடு எடுத்துவிடுங்கள் என்றார் வந்து பார்த்த நர்சரிக்காரர். ஒரு காலையில் லைன்மேனை நாற்காலியோடு தோட்டத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டு, அக்கா ரம்பத்தோடு உட்கார்ந்தாள். அவர் கையை நீட்டிக் காட்டினார்.

"அதை விடு. அந்த மேல் கிளையை எடு. லைன்ல படும்."

அது போன மாதம் வந்த இளங்கிளை. நுனியில் ஏழெட்டு மொட்டு இருந்தது. அக்கா நிமிர்ந்து பார்த்தாள். தோட்டத்துக்கு மேலே எந்தக் கம்பியும் இல்லை.

"சரிங்க சார்" என்று அதை வெட்டி, அவர் மடியில் வைத்தாள்.