முசிறிப் பெரியவரின் அமெரிக்கக் காசு

மருமகள் ஆன்லைனில் செப்புத் தண்ணீர்ப் பாட்டில் ஒன்று வாங்கியிருக்கிறாள். உடம்புக்கு நல்லதாம். மூடியைத் திருகிய உள்ளங்கையை முகர்ந்து பார்த்தேன். இந்தச் செம்பு வாசனை எனக்கு ஆகாது. காரணத்தை வீட்டில் சொன்னதில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

நயா பைசா வந்த புதிது. பழைய காசெல்லாம் செல்லாமல் போகப்போகிறது என்று ஆளாளுக்குச் சேர்க்கத் தொடங்கியிருந்தார்கள். எனக்கும் அந்தப் பைத்தியம் பிடித்தது. ஸ்ரீரங்கத்திலிருந்து சைக்கிள் மிதித்துத் திருச்சி ஆபீசுக்குப் போகிற குமாஸ்தாதான் நான். ஆனால் நாணயம் என்று யாராவது பேச்செடுத்தால் தலைகால் புரியாது. பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஓர் இங்கிலீஷ் புத்தகம், ஒரு பூதக்கண்ணாடி, இவ்வளவுதான் என் மொத்த ஞானம். அமெரிக்காவின் ஆரம்பகாலச் செப்புக்காசுகளில் ஒரு பெண்ணின் தலை இருக்கும். அவள் கூந்தலில் எத்தனை இழை தேயாமல் தெரிகிறதோ, அதை வைத்துத்தான் காசுக்குத் தரம். பெண் பார்க்கப் போனபோதுகூட நான் அப்படி உற்றுப் பார்த்ததில்லை.

பக்கத்து மேஜை ரத்தினம் முசிறிக்காரர். ஒருநாள் தன் அப்பாவை ஆபீசுக்கே கூட்டிவந்தார். பெரியவர் வேட்டி முடிச்சை அவிழ்த்து ஒரு பெரிய செப்புக்காசை என் முன்னால் வைத்தார். அவருடைய தாத்தா மதராஸில் அமெரிக்கக் கப்பலிலிருந்து ஐஸ்கட்டி இறக்கியவராம். கப்பல்காரன் கொடுத்த காசாம்.

"ஊர்ல யாரும் நம்ப மாட்டேங்கறாங்க தம்பி. அவ்ளோ தூரம் வந்தா ஐஸ் கரையாதான்னு சிரிக்கிறாங்க. எங்களுக்குப் புளுகு வீடுன்னே பேரு. நீங்க நெசம்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதுங்க."

காசில் 1795 என்று இருந்தது. புத்தகத்தைப் பிரித்தேன். அந்த வருஷத்துக் காசு ஒரு தோலாவுக்கு மேல் எடை, விளிம்பைச் சுற்றி எழுத்து என்று போட்டிருந்தது. பெரிய கடைவீதி ஆசாரியின் தராசில் நிறுத்துவிட்டு வந்தோம். தோலாவுக்குக் கொஞ்சம் குறைந்தது. விளிம்போ மொழுக்கென்று இருந்தது. ஆபீசே என் மேஜையைச் சுற்றி நின்றது. கூட்டத்தைக் கண்டதும் எனக்குக் குஷி பிறந்துவிட்டது.

"டூப்ளிகேட்டுங்க. உங்க தாத்தா நல்லாக் கதை கட்டியிருக்காரு" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். ரத்தினம் மட்டும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரிங்க தம்பி, போயிட்டு வரேன்" என்று பெரியவர் காசை முடிந்துகொண்டார்.

பஸ்ஸில் காவேரிப் பாலம் தாண்டும்போது எல்லோரும் ஆற்றுக்குக் காசு போடுவார்கள் அல்லவா? அன்று பெரியவரும் போட்டுவிட்டார். ரத்தினம்தான் மறுநாள் சொன்னார். "பொய்ய எதுக்குடா மடியில கட்டிக்கிட்டு அலையணும்னாரு."

அந்த ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாக அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். செம்பு விலை ஏறியதால் அதே வருஷம் எடையைக் குறைத்துவிட்டார்களாம். காசு மெலிந்துபோனதால் விளிம்பில் எழுத்தையும் விட்டுவிட்டார்களாம். புதிய எடை, தோலாவுக்குக் கொஞ்சம் குறைவு. ஆசாரியின் தராசு காட்டிய அதே எடை. ஒரு பக்கம் திருப்பச் சோம்பல்பட்டிருக்கிறேன்.

திங்கட்கிழமை சொல்லிவிடத்தான் போனேன். ஆபீஸ் என்னைப் பார்த்துச் சிரிக்குமே என்று வாய் வரவில்லை. பிறகு ரிட்டயர் ஆகும்வரை ரத்தினத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பெரியவர் போனார், ரத்தினமும் போனார். இதைவிட வெட்கக்கேடான காரியம் நான் செய்ததில்லை.

போன மாதம் ஒரு கல்யாணத்தில் ரத்தினத்தின் மகனைப் பார்த்தேன். இப்போதாவது சொல்லிவிடலாம் என்று, "உங்க வீட்டு ஐஸ் கப்பல் கதை..." என்று ஆரம்பித்தேன்.

"ஐஸ் கப்பலா? எங்க வீட்ல அப்படி ஒரு கதை யாரும் சொன்னதே இல்லையே சார்" என்றார் அவர்.