என் பெயர் எழுதிய டப்பா

மருத்துவ ஆராய்ச்சிக்கு என் மலத்தைக் கேட்டார்கள். நான் என் மச்சானின் மலத்தைக் கொடுத்தேன். நாற்பத்தேழு வயதில், மீசையெல்லாம் நரைத்த பிறகு, ஒரு மனிதன் செய்கிற காரியமா இது என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

ஜவ்வாது மலையில் எங்கள் ஊருக்கு அந்த வருடம் ஒரு ஆராய்ச்சிக் குழு வந்தது. குடிக்காதவர்களுக்கும், அதுவும் இளவயதிலேயே, கணையம் ஏன் கெட்டுப்போகிறது என்று பார்க்க வந்தவர்கள். வயிற்றுக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி, கணையம் என்று ஒன்று எனக்குள் படுத்திருப்பதே அவர்கள் படம் காட்டித்தான் எனக்குத் தெரியும். அது சுரக்கிற நீர்தான் கொழுப்பைச் செரிக்க வைக்கிறதாம். சர்க்கரையையும் அதுதான் கட்டுக்குள் வைக்கிறதாம். ஒரு காலத்தில் மரவள்ளிக் கிழங்குதான் இந்த நோய்க்குக் காரணம் என்று நினைத்தார்களாம். இப்போது பரம்பரையிலும் ஏதோ இருக்கிறது என்கிறார்கள். அதனால் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டு எழுதிக்கொள்வார்கள், ரத்தம் எடுப்பார்கள், ஒரு சின்ன டப்பாவில் மலமும் கேட்பார்கள். டப்பாவின் மூடியிலேயே ஒரு குட்டிக் கரண்டி ஒட்டியிருக்கும்.

வீடு வீடாகப் போய்ப் பேச அவர்களுக்கு ஒரு உள்ளூர் ஆள் தேவைப்பட்டது. பெட்டிக்கடை வைத்துக்கொண்டு நாள் முழுக்க வாயடித்துக்கொண்டிருந்த என்னைப் பிடித்தார்கள். மூன்று நாள் பயிற்சி. கழுத்தில் அட்டை. அட்டை தொங்கியதும் என் நடையே மாறிவிட்டதாக என் மனைவி சொன்னாள்.

சாமையும் கேழ்வரகும் தின்கிற எங்களிடம் மரவள்ளியைப் பற்றிக் கேட்டால் ஜனங்கள் பொறுமையாகப் பதில் சொல்வார்கள். டப்பாவை நீட்டினால் மட்டும் கதவு சாத்திக்கொள்ளும். கடைசியில் ஊரே சேர்ந்து ஒரு முடிவு சொன்னது: முதலில் நீ கொடு, அப்புறம் நாங்கள் தருகிறோம். சரி என்றேன். என் ரத்தத்தை எல்லோர் முன்னாலும் எடுத்தார்கள். டப்பாவில் என் பெயரை நானே கொட்டை எழுத்தில் எழுதினேன்.

மறுநாள் மார்கழிக் குளிரில் விடிகாலையிலேயே எழுந்து டீ குடித்தேன், பீடி பிடித்தேன், உண்ணிச்செடிப் புதர்ப் பக்கம் நாலு தடவை போய் வந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. டப்பாக்கள் போகிற ஐஸ் பெட்டி காலை பஸ்ஸில் மலைக்குக் கீழே ஆலங்காயத்தில் இறங்கியாக வேண்டும். அதை விட்டால் அன்றைக்கு வேறு பஸ் இல்லை. என் டப்பா போகாவிட்டால் ஊரில் ஒரு டப்பாவும் வராது.

அப்போதுதான் மச்சான் புதரிலிருந்து திரும்பி வந்தான். என் மனைவியின் தம்பி. கல்யாணம் ஆகாதவன், எங்களோடுதான் இருந்தான், எங்கள் நிலத்தை அவன்தான் பார்த்துக்கொண்டான். கள்ளு, சாராயம் எதையும் தொடமாட்டான். ஆனால் சாப்பிட்டுக் கை காய்வதற்குள் வெளியே ஓடுவான், ஒரு நாளைக்கு நாலைந்து முறை. மாமன் மச்சான் என்றால் கிண்டல் பண்ணியே ஆக வேண்டும் என்பது எங்கள் பக்கத்து முறை. பண்ணாவிட்டால் ஏதோ சண்டை என்று ஊர் நினைக்கும். அந்த முறையை நான் குறையில்லாமல் செய்துவந்தேன். அவன் சோறு போட்டுக்கொள்ளும்போதே, செம்பை எடுத்து வாசலில் வைப்பேன். பந்தியில் அத்தனை பேரும் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான்.

விஷயத்தைச் சொல்லி டப்பாவை நீட்டினேன். சாப்பாட்டைப் பற்றித்தானே ஆராய்ச்சி? ஒரே வீடு, ஒரே சட்டிச் சோறு. அதில் அவனுக்கு என்ன, எனக்கு என்ன என்பது என் கணக்கு. அவன் மறுபேச்சு பேசவில்லை. திரும்பவும் புதருக்குப் போய் ஐந்தே நிமிடத்தில் வேலையை முடித்துக்கொண்டு வந்தான். டப்பா பஸ் ஏறியது. ரத்தம் என்னுடையது, மலம் அவனுடையது. அந்தக் கோப்பில் இருந்த மனிதன் உலகத்திலேயே இல்லை.

இதில் சிரிக்க முடியாத இடம் ஒன்று உண்டு. என் பையிலேயே ஒரு விளக்கப் படம் இருந்தது. எண்ணெய்ப் பசையோடு மிதக்கிற மலம், சாப்பிட்டதும் ஓடுவது, காரணமில்லாமல் இளைப்பது, முதுகு வரைக்கும் போகிற வயிற்று வலி. வீட்டுக்கு வீடு அதை விரித்து விரல் வைத்துப் படித்துக் காட்டினேன். அந்த வருடம் மச்சான், பேன்ட் இடுப்பில் நிற்காமல், கயிறு கட்டிக்கொண்டிருந்தான். அந்தக் கயிற்றைப் பற்றியும் என்னிடம் இரண்டு மூன்று ஜோக்குகள் இருந்தன.

தை மாதம் திரும்பி வந்த ஐஸ் பெட்டியோடு ஒரு கடிதமும் வந்தது. என் பெயருக்கு. கணைய நீர் மிகவும் குறைவாக இருக்கிறது, உடனே வந்து ஸ்கேன் எடுக்கவும் என்று எழுதியிருந்தது. குழுவிலிருந்த பெண் டாக்டர் போனிலும் கூப்பிட்டார். எங்கள் ஊரில் சிக்னல் கிடைப்பது ஒரு பாறை மேல் மட்டும்தான். அதில் ஏறி நின்று பேசினேன். வயிற்று வலி உண்டா, எடை குறைகிறதா என்று கேட்டார். தொந்தியைத் தடவிக்கொண்டே இல்லை என்றேன். அவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது.

அப்போது சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், என் டப்பாவை நம்பி ஊர் கொடுத்த அத்தனை டப்பாக்களையும் சந்தேகப்படுவார்கள் என்று தோன்றியது. ஏமாற்றினால் மெஷின் கண்டுபிடித்துவிடும் என்று ஊர் முழுக்க மிரட்டியவன் நான். கழுத்து அட்டையை என்னால் கழற்ற முடியவில்லை. கடிதத்தை நாலாக மடித்து ரேஷன் கார்டு உறைக்குள் செருகினேன். மச்சானிடம் மட்டும் சுற்றி வளைத்து, சும்மா ஒருமுறை சர்க்கரை பார்த்துக்கொண்டு வரலாம், கூட வா என்றேன். புளி உலுக்கி முடியட்டும் மாமா, வர்றேன் என்றான். நானும் விட்டுவிட்டேன். அவன் அப்படிச் சொன்னது எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. நாளைக்கு, அடுத்த வாரம், சந்தை முடிந்ததும் என்று தை போனது, மாசி போனது, பங்குனி போனது.

சித்திரையில் ஒரு நாள் மதியம் புளி மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தான். வழக்கம்போல மூட்டையை வைத்துக் கிண்டல் பண்ணலாம் என்றுதான் கிட்டே போனேன். முகத்தைப் பார்த்ததும் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தேன். நிமிர்ந்தால் வலிக்குது மாமா, குனிஞ்சா கொஞ்சம் தேவல என்றான். ஒரு ஜீப் பிடித்துக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

ஸ்கேனில் கணையம் முழுக்கக் கல். சர்க்கரை எக்கச்சக்கம். கல்லோடு ஒரு கட்டியும் இருந்தது. அது கல்லீரலுக்கும் போயிருந்தது. அறுக்க முடியாது என்றார்கள். அந்தப் பெண் டாக்டரும் வந்திருந்தார். அவரிடம்தான் முதலில் சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். அவர் கோப்பில் ஏதோ அடித்து எழுதினார். தை மாதமே வந்திருந்தால் பிழைத்திருப்பானா என்று கேட்டேன்.

"தெரியலைங்க. கல்லு இருக்கிற சிலருக்கு மட்டும் ஏன் கட்டி வருது, அத எவ்ளோ சீக்கிரம் கண்டுபுடிக்க முடியும், இதுக்கெல்லாம் எங்ககிட்ட இன்னும் பதில் இல்ல. அதுக்காகத்தான் உங்க மலைக்கே வந்தோம்."

ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லியிருந்தால் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பேன்.

அன்று சாயங்காலம் மச்சானிடமும் சொன்னேன், கடிதம் வந்ததையும் சேர்த்து. கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தான்.

"என் பீயக்கூட உன் பேர்ல எழுதிக்கினியா மாமா" என்றான்.

சிரித்தான். சிரித்தது வயிற்றைப் பிடித்துக்கொண்டது. பிறகு, அக்காவுக்குத் தெரியுமா என்று கேட்டான். இல்லை என்றேன். இப்போது சொல்லாதே, நான் வீட்டுக்கு வந்த பிறகு சொல்லு என்றான். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு பேருமே அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சோற்றுக்கு முன்னால் விழுங்க மாத்திரை கொடுத்திருந்தார்கள், செரிப்பதற்கு. முதல் முறையாக அவன் சாப்பிட்டுவிட்டு ஓடாமல் உட்கார்ந்திருந்தான். உட்கார்ந்து என்ன பண்ணுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. ஆடி பிறந்து பத்து நாளில் போய்விட்டான்.

ஆராய்ச்சி நிற்கவில்லை. கூடப் பிறந்தவர்களைக் கட்டாயம் பார்க்க வேண்டும் என்று டாக்டர் ஆள் அனுப்பினார். அட்டையை நான் திருப்பிக் கொடுத்துவிட்டதால் வேறு ஒருவர் டப்பாவோடு வந்தார். என் மனைவி தகராறு பண்ணாமல் ரத்தம் கொடுத்தாள், டப்பாவும் கொடுத்தாள். அவளுக்கு ஒன்றும் இல்லை என்று கடிதம் வந்தது. அதைப் பத்திரமாக வைக்க ரேஷன் கார்டு உறையைத் திறந்தாள். நான் மடித்து வைத்தது அங்கேயே இருந்தது.

நின்றபடியே படித்தாள். தேதியைப் பார்த்தாள். நான் ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன்: டப்பா, பஸ், பாறை மேல் பேசிய போன். அவள் கடிதத்தை அதே மடிப்பில் மடித்து உறைக்குள் வைத்தாள். மூன்றாம் நாள் முறத்தில் சாமை புடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

"மாத்திக் குடுத்ததுக்கு நான் ஒண்ணும் சொல்லல. உனக்குப் புத்தி அவ்ளோதான். மூணு மாசம் எம் பக்கத்துலதானே படுத்துக்கினு இருந்த, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்றதுக்கு உனக்கு இன்னா கேடு?"