பாட்டுக்கு வரச் சொன்னார்கள்

கல்யாணமாகி கோயம்புத்தூரிலிருந்து புனேவின் ஹடப்சருக்கு வந்த முதல் கோடை அது. தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்குத் தெரிந்த மராத்தி இரண்டே சொல்: 'உத்யா' என்றால் நாளை, 'யே' என்றால் வா. இந்தி, டி.வி. பார்த்து வந்த அரைகுறை.

பக்கத்து வீட்டு மராத்திக்கார அக்கா ஒரு சாயங்காலம் வாசலில் நின்று, "உத்யா ஸகாளி பாட்டாவர் யே" என்றார். தலையை ஆட்டிவிட்டேன். ஆட்டிய பிறகுதான் உறைத்தது. நாளைக்குப் பாட்டாம்!

பள்ளிக்கூடத்தில் கடவுள் வாழ்த்துக்கே வாயை மட்டும் அசைத்தவள் நான். போகாமல் இருக்கவும் முடியாது. அந்தத் தெருவில் என்னைப் பார்த்துச் சிரிக்கிற ஒரே ஆள் அந்த அக்காதான்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "போய்ப் பாடிட்டு வா. அப்பறம் அவங்களே கூப்புட மாட்டாங்க" என்றார்.

"வெளையாடாதீங்க. எனக்குப் பாட்டே வராதுங்க."

"அப்ப தொண்ட கட்டிக்கிச்சுன்னு சொல்லீரு."

மறுநாள் காலை, கொளுத்தும் வெயிலில் கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். தொண்டையைத் தொட்டுக் கையை விரித்துக் காட்டினேன். "அரே பாப் ரே!" என்று என் கன்னத்தைத் தடவிவிட்டு, அக்கா ஒரு வாளி ஜவ்வரிசிக் கூழைக் கையில் கொடுத்தார். பாட்டுக்கு எதற்குக் கூழ்?

குடியிருப்புக்குப் பின்னால் தண்ணீர் வற்றிப்போன பழைய கால்வாய் ஒன்று இருந்தது. அதில் இரண்டு இரும்பு மதகுகள், நடுவே கல் சுவர் கட்டிய பெரிய தொட்டி. ஒரு காலத்தில் மதகைத் திறந்து மூடிப் படகை ஏற்றி இறக்கினார்களாம். நான் பார்த்தது துருப்பிடித்த சக்கரமும் நாலைந்து ஆடுகளும்தான். அக்கா என்னை அங்கே கூட்டிக்கொண்டு போய், அந்தக் கால்வாயைக் காட்டி, "ஹா பாட்" என்றார். மராத்தியில் கால்வாய்க்குத்தான் பாட் என்று பேர். வடகம் போடக் கூப்பிட்டிருக்கிறார்!

மப்ளரைக் கழற்றலாம்தான். ஆனால் கட்டின தொண்டை அதற்குள் எப்படிச் சரியாகும்? பல்லைக் கடித்துக்கொண்டு ஊமையாகவே இருந்தேன்.

தெருப் பெண்களோடு தொட்டிக்குள் இறங்கி, தரையில் பிளாஸ்டிக் தாள் விரித்து, ஆளுக்கொரு கரண்டியால் கூழை வட்டம் வட்டமாக ஊற்றினோம். முடிந்ததும் மற்றவர்கள் மேலே வேப்பமர நிழலுக்குப் போய்விட்டார்கள். பேச முடியாதவள் பாவம், உட்கார்ந்திருக்கட்டும் என்று எனக்கு ஒரு குச்சியும் காக்காய் விரட்டும் வேலையும்.

காக்காய்கள் முதலில் ஒன்றிரண்டாகத்தான் வந்தன. இந்தப் பக்கம் ஓடினால் அந்தப் பக்கம் கொத்தின. பிறகு கூட்டமாகவே இறங்கிவிட்டன. அக்காவின் ஒரு வருஷத்து வடகம்! என்னை மறந்து கத்தினேன்.

"ஏய்! போங்க அந்தப் பக்கம்! தொலைஞ்சு போங்க!"

கல் சுவர்கள் அதை வாங்கி இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுத்தன. காக்காய்கள் பறந்தன. ஆடுகள் ஓடின. மேலே எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

அக்கா விளிம்பில் வந்து எட்டிப் பார்த்தார். "கலா டீக் ஹோ கயா க்யா?" தொண்டை சரியாகிவிட்டதா என்று இந்தியில் கேட்டார்.

"ஹாங்" என்று என்னால் முடிந்த அளவு நோயாளிக் குரலில் முனகினேன்.

கொல்லென்று சிரிப்பு. அக்கா விளிம்பிலேயே உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதற்குள் ஒரு காக்காய் திரும்ப வந்து இறங்கியது. அக்கா அதை நோக்கிக் கையை நீட்டி, "அவுர் ஜோர் ஸே!" என்றார்.

இன்னும் சத்தமாகத்தான் கத்தினேன்.