தணிக்கை நாளுக்கு மட்டும் நாற்காலி

மற்றவர்களின் நலனைக் கவனிப்பதற்கென்றே சம்பளம் தருகிற வேலை, ஆயத்த ஆடைத் தொழிற்சாலையின் நல அலுவலர் வேலை. என்னைப்போல அதில் மாட்டிக்கொண்டவர்களுக்கு அந்தச் சம்பளம் எப்படிச் செரிக்கும் என்பது தெரிந்திருக்கும்.

வாடகைக்கு வந்தவை

கோவில்பட்டிக்கு வெளியே இருக்கும் எங்கள் கம்பெனிச் சட்டைகள் கப்பலேறிப் போகின்றன. தொழிலாளர்களை ஒழுங்காக நடத்துகிறோமா என்று பார்க்க, வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி வருஷத்துக்கு ஒருமுறை ஆள் அனுப்பும். செக்கிங் பிரிவில் பெண்கள் நாள் முழுக்க நின்றுகொண்டேதான் சட்டைகளில் பழுது பார்ப்பார்கள். வாங்குகிறவர்களோடு போட்ட ஒப்பந்தத்திலோ ஆளுக்கு ஓர் இருக்கை. அதனால் தணிக்கைக்கு முதல் நாள் பந்தல் கடையிலிருந்து நாற்காலிகளை இறக்கினேன். ஒவ்வொன்றின் முதுகிலும் கடைப் பெயர் பெயிண்டில் இருந்தது. வருகிறவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்ற தைரியம்தான்.

விளாத்திகுளம் பக்கமிருந்து கம்பெனி வேனில் வரும் செக்கிங் பிரிவுச் செல்வராணி, ஒன்றைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "யாரு வீட்டுக் கல்யாணம் அண்ணாச்சி? பந்தி எப்பப் போடுதீய?"

ஒரு ஸ்டூல்

அவள் சிரித்தாளே தவிர, கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு புடைத்திருந்தது. ஒரே ஒரு ஸ்டூல் கிடைத்தால் வேலையில் நீடிக்கலாம் என்று என்னிடம் பலமுறை கேட்டிருந்தாள். நானும் மேனேஜரிடம் போய் நின்றேன். அவர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஒருத்திக்குப் போட்டா எல்லாருக்கும் போடணும். வேகம் குறையும், ஆர்டர் வேற நாட்டுக்குப் போயிரும். அப்புறம் எல்லாரும் வீட்டுலயே உக்காந்துக்கிடலாம் சார்."

மொழிபெயர்ப்பாளர்

தணிக்கைக்கு வந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண், மரியாதையானவர். செல்வராணியைத் தனியாகக் கூப்பிட்டு, என்ன குறை என்று கேட்கச் சொன்னார். மொழிபெயர்க்க நான். செல்வராணி சேலையைக் கொஞ்சம் தூக்கிக் காலைக் காட்டினாள். "இந்த நாற்காலிய நாளைக்குத் தூக்கிட்டுப் போயிருவாவ. எனக்கு ஒரு ஸ்டூல் போதும்" என்றாள்.

என் வேலையும் மகளின் படிப்பும் கண்முன் வந்தன. முன்பு கால் வலித்ததாம், நாற்காலி போட்ட பிறகு தேவலையாம், கம்பெனிக்கு நன்றி சொல்கிறாள் என்று ஆங்கிலத்தில் விரிவாகச் சொன்னேன். அந்தப் பெண் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் செய்ததைப் பாவம் என்றுதான் சொல்லவேண்டும்.

வெளியே வந்ததும் செல்வராணி சொன்னாள்: "நான் ரெண்டு வார்த்தைதான் சொன்னேன். நீங்க எனக்காக எம்புட்டு நேரம் பேசுனீய அண்ணாச்சி!"

கடைசிக் கையெழுத்து

மறுநாள் காலையிலேயே பந்தல் கடை வண்டி வந்து நாற்காலிகளை ஏற்றிப் போய்விட்டது. அவள் இன்னும் இரண்டு மாதம் நின்று பார்த்தாள். பிறகு முடியவில்லை. வேலையை விடுவதாக எழுதிக் கொடுக்க என் அறைக்கு வந்தபோது, கூட வந்த தோழி என்னை முறைத்து, நல அலுவலர் என்று எதற்கு ஒருவர் இருக்கிறார் என்று கேட்டாள். உண்மையைச் சொல்ல அதுதான் நேரம். நான் பேனாவை நீட்டினேன்.

செல்வராணி கையெழுத்துப் போட்டுக்கொண்டே தோழியை அதட்டினாள்: "ஏட்டி, அவியள ஏசாத. அவிய நமக்காகக் கேட்டாவ. அந்த வெள்ளக்காரிதான் தரல."

இத்தனைக்கும் பிறகு என் நாற்காலியை மட்டும் இன்றுவரை யாரும் திருப்பிக் கேட்கவில்லை.